புகை தெரியும் படமும் தெரியாத நஞ்சும்: தெற்கு டர்பனில் மக்களோடு சேர்ந்து உருவாகும் கலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலோரமாக நீளும் பிளஃப் மேட்டுக்கும் உள்நாட்டுக் குன்றுகளுக்கும் நடுவே தாழ்வான ஒரு நிலப்பகுதி கிடக்கிறது. கிளேர்வுட், ஜேக்கப்ஸ், வென்ட்வொர்த், மெரிபேங்க், இசிபிங்கோ என்று அதில் அடுத்தடுத்து ஊர்கள். அந்த ஊர்களுக்கு இடையிலேயே, சில இடங்களில் வீட்டுச் சுவருக்கும் ஆலை வேலிக்கும் ஒரு சாலையின் அகலமே இடைவெளி என்ற அளவில், இரண்டு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் ஒரு காகித ஆலையும் எண்ணற்ற இரசாயனத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வந்து அமர்ந்தன. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ளும்போது, ஆலைகள் விட்ட புகை மேலே போக வழியின்றி இந்தப் பள்ளத்திலேயே தங்கிவிடும். அழுகிய முட்டையின் வாடையோடு கண்விழிப்பது மெரிபேங்கில் வளர்ந்த மூன்று தலைமுறைகளுக்குப் பழகிப்போன விஷயம்.

இந்த வாழ்க்கையைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் உண்டு; அரசு அறிக்கைகள் உண்டு; நாளிதழ்த் தொடர்கள் உண்டு. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அவற்றோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் கலைஞரும் ஊரில் வாழ்பவர்களும் ஒன்றாக அமர்ந்து உருவாக்கும் புகைப்படம், நாடகம், வரைபடம் ஆகியவற்றைச் சொல்கிறேன். இவற்றை விழிப்புணர்வுக் கலை என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டு நகர்வது வழக்கம். பிள்ளையின் பள்ளிப் பையில் ஆஸ்துமா பம்ப் இருக்கிறதா என்று தினமும் காலையில் தடவிப் பார்த்து அனுப்பும் தாய்க்கு மாசு பற்றிய விழிப்புணர்வை யாரும் ஊட்ட வேண்டியதில்லை. அவளுக்கு இல்லாதது, தான் அறிந்ததைப் பிறர் ஏற்கும் வடிவத்தில் எடுத்துவைப்பதற்கான இடம். இக்கலையின் முதன்மையான வேலை சாட்சியம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை விளங்கிக்கொள்ள, அந்த நிலத்தின் வரலாற்றையும் அங்கே யாருடைய எண்கள் செல்லுபடியாயின என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து நடால் துறைமுகத்தில், அதாவது இன்றைய டர்பனில், நின்றது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தக் கரைக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறிய பலர் டர்பனுக்குத் தெற்கே இருந்த சதுப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வடிகால் வெட்டி, கீரையும் காய்கறியும் பயிரிட்டார்கள். கிளேர்வுட்டில் சிவசுப்பிரமணியர் கோயில் எழுந்தது அந்தத் தோட்டக்காரர்களின் உழைப்பில்தான். இன்று அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன.

நகராட்சி இந்தப் பகுதியைத் தொழிற்பேட்டையாக்கத் திட்டமிட்டது நிறவெறி ஆட்சி சட்டமாவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அதற்கு முழு உருவம் கொடுத்தது. நகரின் பல மூலைகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்கள் மெரிபேங்க் வீட்டுத் திட்டத்தில் குடியேற்றப்பட்டன. கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டோர் பக்கத்து வென்ட்வொர்த்துக்கும், ஆப்பிரிக்கர்கள் லாமண்ட்வில்லுக்கும் உம்லாசிக்கும் ஒதுக்கப்பட்டார்கள். மெரிபேங்கின் சாலைகளுக்குத் திருவிதாங்கூர், அலிப்பூர் என்று இந்தியப் பெயர்கள் இடப்பட்டன. நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலை, பின்னாளில் எஞ்சன் என்று பெயர் பெற்றது, 1954-ல் வென்ட்வொர்த்தில் இயங்கத் தொடங்கியது. ஷெல், பிபி நிறுவனங்களின் கூட்டு ஆலையான சாப்ரெஃப் 1963-லும், மாண்டி காகித ஆலை 1970களின் தொடக்கத்திலும் வந்தன. மலிவான உழைப்பு வேலிக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும், வெள்ளையர் குடியிருப்புகள் தள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கில் வரையப்பட்ட வரைபடம் அது.

அடுத்து, எண்களின் கதை. பல பத்தாண்டுகளுக்கு இந்தப் பள்ளத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்பதை ஆலைகளே அளந்தன, ஆலைகளே அறிவித்தன. 1995-ல் எஞ்சன் ஆலையின் விரிவாக்க விழாவுக்கு வந்த அதிபர் நெல்சன் மண்டேலா, வாயிலில் பதாகைகளோடு நின்ற மக்களைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கி அவர்களோடு பேசினார். தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணி என்ற மக்கள் அமைப்பு உருவானது அந்தக் காலகட்டத்தில்தான். தன் கந்தக டைஆக்சைடு வெளியேற்றத்தைப் பல ஆண்டுகளாகக் குறைத்துக் காட்டியிருந்ததை 2000-ல் சாப்ரெஃப் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அரசு, மாநகராட்சி, ஆலைகள் எல்லாம் சேர்ந்து காற்று மாசைக் குறைப்பதற்கான பல்முனைத் திட்டம் வந்தது. மெரிபேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடால் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வு, சோதிக்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆஸ்துமா இருப்பதைக் கண்டது. அந்தப் பள்ளி இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

மக்கள் தாங்களே அளக்கத் தொடங்கியது ஒரு வாளியால். கலிஃபோர்னியாவில் 1990களில் உருவான இந்த உத்தி எளிமையானது. ஏறக்குறைய 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. அதன் மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே டெட்லார் என்ற வினைபுரியாத பொருளாலான பையைத் தொங்கவிடுவார்கள். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்ப் ஒன்று உறிஞ்சி எடுக்கும்போது பை உப்பி, வெளிக்காற்றைக் குழாய்வழி தனக்குள் இழுத்துக்கொள்ளும். நாற்றம் அடிக்கும் அந்த நிமிடத்திலேயே, தெரு முனையில் நின்று, ஓர் இல்லத்தரசி காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட முடியும். அதிகாரி வந்து சேர்வதற்குள் நாற்றம் போய்விட்டது என்ற பதிலைக் கேட்டுச் சலித்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாளியைக் கலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேமராவும் நாடகமும் பின்னர் இங்கே என்ன செய்ய முற்பட்டனவோ அதையே வாளி முதலில் செய்தது: நுகர்ந்தவரின் சொல்லைப் பதிவாக்கியது.

கேமராவுக்கு இந்த ஊரில் தனியாக ஒரு தடை இருந்தது. 1980-ஆம் ஆண்டின் தேசிய முக்கிய இடங்கள் சட்டத்தின்கீழ் சுத்திகரிப்பு ஆலைகள் பாதுகாக்கப்பட்ட இடங்களாக இருந்தன. நிறவெறி அரசு தனக்கு முக்கியமான நிலையங்களைக் காக்கக் கொண்டுவந்த அந்தச் சட்டம் ஜனநாயகம் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் புத்தகத்தில் இருந்தது. 2019-ல்தான் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் நின்று படமெடுப்பவர்களைத் தடுக்க ஆலைக் காவலர்களுக்கு அந்தப் பழைய சட்டம் ஒரு காரணமாயிற்று. தன் வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளையைப் படமெடுத்தால் பின்னணியில் ஆலை வந்துவிடும் என்ற ஊரில் அத்தகைய சட்டத்துக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆயினும் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருந்தன, ஏனெனில் யாரும் ஆலையைப் படமெடுக்கவில்லை, குடும்பத்தைத்தான் எடுத்தார்கள்.

என் பெரியம்மா வீட்டு ஆல்பத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடி இறக்கிவிட்டுத் திரும்பிய தாத்தா, மேல்சட்டையின்றி, திருநீறு பூசி, மஞ்சள் நனைந்த வேட்டியோடு வீட்டு வாசற்படியில் நிற்கிறார். காவடியின் மயிலிறகுகள் ஒரு பக்கம் சுவரில் சாய்ந்திருக்கின்றன. கூரை ஓட்டுக்கு மேலே, படத்தின் வலது மூலையில், ஆலையின் மிச்ச வாயுவை எரிக்கும் ஃபிளேர் கோபுரமும் அதன் உச்சியில் வெண்மையாய்ப் பொசுங்கிய ஒரு புள்ளியும் தெரிகின்றன. படமெடுத்தவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். அந்த மூலையைத் தொட்டுக் காட்டிப் பெரியம்மா சொன்னது, "அந்த வருஷம் ராத்திரியெல்லாம் அது எரிஞ்சுகிட்டே இருந்துச்சு கண்ணு, விளக்கு போடாமலே முற்றத்துல துணி காயப்போடுவோம்." எந்த ஆண்டு ஆலை எவ்வளவு எரித்தது என்பதற்கு அவரிடம் எண் கிடையாது. ஆனால் ஆண்டு தெரியும், திருவிழா தெரியும், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது தெரியும்.

இந்த வகை அறிவைத்தான் 'பிரீதிங் ஸ்பேசஸ்' என்ற புகைப்படத் திட்டம் தன் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. வரலாற்று ஆய்வாளர் மரைக்கா டு டாய்ட்டும் புகைப்படக் கலைஞர் ஜென்னி கோர்டனும் மெரிபேங்க், வென்ட்வொர்த், லாமண்ட்வில் ஆகிய மூன்று ஊர்களில் வேலை செய்தார்கள். கோர்டன் எடுத்த படங்களோடு, அவ்வூர் இளைஞர்கள் பயிற்சிப் பட்டறைகளில் தாங்களே எடுத்த படங்களும், வீடுகளில் இருந்த பழைய குடும்பப் படங்களும் சேர்க்கப்பட்டன. டர்பன் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட இத்திட்டம் 2016-ல் குவாசூலு-நடால் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாகவும் வெளிவந்தது. மூன்று ஊர்களை ஒரே சுவரில் வைத்தது சிறிய செயலாகத் தோன்றலாம். நிறவெறியின் வரைபடம் அவற்றை ரயில்பாதையாலும் கால்வாயாலும் சாலையாலும் பிரித்து வைத்திருந்தது. ஒரு ஊர்க்காரர் மற்ற ஊரின் வீட்டு முற்றத்தைப் பார்த்தறியாமல் ஆயுளைக் கழிக்க முடிந்தது. ஒரே காற்றை மூச்சுவிட்டவர்கள் என்ற உறவை அந்தச் சுவர் காட்டியது.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். தென்னாப்பிரிக்காவின் தலைசிறந்த புகைப்படக் கலைஞரான டேவிட் கோல்ட்பிளாட், வட கேப் மாகாணத்தில் கைவிடப்பட்ட நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கங்களையும் அவற்றால் நோயுற்றவர்களையும் படமெடுத்திருக்கிறார். ஈடு சொல்ல முடியாத படங்கள் அவை. ஆனால் எதைப் பார்ப்பது, எங்கே நிற்பது, எந்தப் படத்தை விடுவது என்ற முடிவுகள் எல்லாம் ஒரே கண்ணின் முடிவுகள். மக்களோடு சேர்ந்த கலையில் இந்த முடிவுகள் கைமாறுகின்றன, அதனால் படங்களும் மாறுகின்றன. வெளியார் கேமரா பெரும்பாலும் புகைபோக்கியைத் தேடிச் செல்லும். அந்திச் செவ்வானத்தின் முன் எழும் வெண்புகை எவரையும் மயக்கும். அந்த வெண்மையில் பெரும்பகுதி நீராவியாகவும் இருக்கலாம். அதே நேரம், நோயை உண்டாக்கும் பென்சீனும் கந்தக டைஆக்சைடும் கண்ணுக்குப் புலப்படாதவை. ஊரில் வாழ்பவர் கையில் கேமரா இருந்தால் அது சமையலறைக்குள் போகும், அடைத்தே வைத்திருக்கும் ஜன்னலிடம் போகும், கட்டிலருகே வைத்த நெபுலைசரிடமும், மீன் குறைந்துபோன கரையில் இன்னும் தூண்டில் போடும் மாமாவிடமும் போகும். தெரியாத நஞ்சை அதன் தடங்களால் காட்டுவதற்கு வேறு வழி கிடையாது.

நாடகத்துக்கு டர்பனில் வேர்கள் ஆழமானவை. கரும்புத் தோட்ட லைன் வீடுகளில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே உண்டு. ஆங்கிலம் பேசும் தலைமுறை அந்தக் கூத்தை ஆறடி நடனம் என்ற பொருளில் அழைக்கிறது. 1983-ல் டன்லப் டயர் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் வேலைத்தள வாழ்வையே நாடகமாக்கி நடித்தார்கள். அந்த ஆலைத் தொழிலாளியான ஆல்ஃபிரட் தெம்பா கபுலா, அரசரைப் புகழும் சூலு மரபுப் பாடல் வடிவத்தைத் தொழிற்சங்கத்துக்காகப் பாடினார். இந்தத் தொடர்ச்சியில் வருவது எம்பதியேட்டர் என்ற டர்பன் குழு. நீல் கோப்பன், ம்புமே ம்தொம்பெனி, டிலன் மெக்காரி ஆகியோர் தொடங்கிய இக்குழுவின் முறை கவனிக்கத்தக்கது. ஒரு சிக்கலோடு வாழ்பவர்களிடம் நெடுநாள் வாக்குமூலங்களைக் கேட்டு நாடகத்தை எழுதுகிறார்கள். சொன்னவர்கள் முன்னிலையில் முதலில் நடித்துக் காட்டித் திருத்தங்களைப் பெறுகிறார்கள். பிறகே பொதுமேடை, அதன் இறுதியில் பார்வையாளர்களோடு நீண்ட உரையாடல். 2019-ல் குவாசூலு-நடால் கடலோர ஊர்களில் நடிக்கப்பட்ட 'லலேலா உல்வாண்ட்லே' நாடகத்தின் மூன்று பாத்திரங்களில் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளர் வழிவந்த மீனவக் குடும்பத்து இளைஞர். டர்பன் விரிகுடாவில் வலைவீசிப் பிழைத்து, பின் அங்கிருந்து துரத்தப்பட்ட தமிழ், தெலுங்கு மீனவர்களின் கதை மேடையேறுவது அரிது என்பதால், எனக்கு அந்தப் பாத்திரம் பெரிதாகப்படுகிறது.

சொன்னவரிடமே திரும்பிப் போய்க் காட்டுவது என்ற அந்த இரண்டாம் படியில்தான் இக்கலையின் நேர்மை சோதிக்கப்படுகிறது. மாசுபட்ட ஊர்களுக்கு வருகிறவர்கள் நிறைய. மாணவர், செய்தியாளர், ஆவணப்படக்காரர் என்று வந்து, உட்கார்ந்து, அழவைத்து, பதிவு செய்துகொண்டு போவார்கள். ஊருக்கு ஒரு பிரதிகூடத் திரும்பி வராது. படத்தில் இருப்பவரின் ஒப்புதல் ஒருமுறை கையெழுத்தோடு முடிந்துவிடுவதில்லை, குறிப்பாக நோயுற்ற குழந்தை படத்தில் இருக்கும்போது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தை வேலை தேடும் இளைஞனாகும்போது, தன் முகம் ஆஸ்துமாவின் முகமாக உலகைச் சுற்றுவதை அவன் விரும்பாமல் இருக்கலாம்.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கடினமானது. ஊர் ஒரே குரலில் பேசுவதில்லை. வென்ட்வொர்த்தின் பாய்லர் தொழிலாளர்களும் மெரிபேங்கின் ஃபிட்டர்களும் இந்த ஆலைகளில் சம்பளம் வாங்கியவர்கள். ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்படும் வாரங்களில் கிடைக்கும் ஒப்பந்த வேலையை நம்பி வீடு கட்டியவர்கள். ஆலையைச் சாடும் சுவரோவியத்தைத் தன் தெருவில் அனுமதிக்காத ஒருவரை மாசின் ஆதரவாளர் என்று சொல்லிவிட முடியாது. அவரும் இருமுகிறார். அவருடைய பிரிந்த மனத்துக்கு இடம் கொடுக்காத கலை அரைச் சாட்சியமாகவே நிற்கும். அத்தகைய மனத்தைக் காட்ட, ஒரு சட்டகத்துக்குள் நிற்கும் படத்தைவிட, எதிர்வாதத்தோடு நகரும் நாடகமே ஏற்றது என்று நினைக்கிறேன்.

இனி, இன்றைய நிலை. 2020 டிசம்பர் 4 காலையில் எஞ்சன் ஆலையில் வெடிப்பும் தீயும் ஏற்பட்டன. பக்கத்துக் குடியிருப்பும் பாதிக்கப்பட்டது. அதன்பின் அந்த ஆலை சுத்திகரிப்பைத் தொடரவில்லை. எரிபொருள் சேமிப்பு முனையமாக மாற்ற முடிவாயிற்று. சாப்ரெஃப் 2022 மார்ச்சில் இயக்கத்தை நிறுத்தியது. அடுத்த மாதமே வந்த பெருவெள்ளம் ஆலைக்குள் புகுந்தது. 2024-ல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் அதை ஒரே ஒரு ராண்டுக்கு (தென்னாப்பிரிக்க நாணயம்) வாங்கிக்கொண்டது. மெரிபேங்கில் இப்போது புகை குறைவு, நாற்றம் குறைவு. ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகள் எண்ணெய் தேங்கிய நிலத்தடியும், ஊருக்கு அடியில் ஓடும் குழாய்களும் இருக்கின்றன. அந்தக் குழாய்களில் ஒன்றிலிருந்து 2001-ல் பத்து லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோல் டாரா சாலைப் பகுதியின் மண்ணில் கசிந்தது. டர்பனுக்கு வடக்கே கார்னூபியாவில், 2021 ஜூலைக் கலவரத்தின்போது யுபிஎல் நிறுவனத்தின் வேளாண் இரசாயனக் கிடங்கு எரிந்து, நஞ்சு ஓலாங்கா ஆற்று முகத்துவாரத்தில் கலந்து மீன்கள் செத்து மிதந்தபோது, அந்தக் கிடங்கில் என்னென்ன இருந்தது என்பதையே சுற்றியிருந்த மக்கள் தீப்பற்றிய பிறகுதான் கேட்டறிய வேண்டியிருந்தது.

புகை நின்றுவிட்டால் படமெடுக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி கலைஞர்கள் முன் வந்து நிற்கிறது. மண்ணுக்கு முகம் இல்லை. அதற்கு நாற்றமும் பல இடங்களில் இல்லை. இங்கேதான் நினைவிலிருந்து வரையும் வரைபடத்தின் காலம் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. எந்த வீட்டுத் தோட்டத்தில் எந்த ஆண்டு கீரை பட்டுப்போனது, எந்தக் கிணற்றை மூடினார்கள், கசிவுக்குப் பிறகு எந்தக் குடும்பங்களை வெளியேற்றினார்கள், எந்தத் தொட்டி பழைய படத்தில் இருக்கிறது, இப்போது இல்லை என்பதெல்லாம் முதியவர்களின் தலைக்குள்ளும் ஆல்பங்களுக்குள்ளும் சிதறிக் கிடக்கின்றன. பட்டறை ஒன்றில் பேத்தி வரைய, பாட்டி சொல்ல, அண்டை வீட்டார் மறுத்துத் திருத்த, அவை ஒரே தாளில் சேரும்போது, எங்கே மண்ணைத் தோண்டிச் சோதிக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் கிடைத்துவிடுகிறது. நலத்துக்குத் தீங்கற்ற சூழலில் வாழும் உரிமையை அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு தருகிறது. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம், உயர்மேட்டு நிலத்தின் நிலக்கரிப் பகுதிக் காற்று அந்த உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. மண்ணைப் பற்றி அத்தகைய வழக்கு தெற்கு டர்பனில் எழுமானால், ஆலையின் பதிவேடுகளுக்கு எதிரில் வைக்க மக்களிடம் ஆண்டும் இடமும் குறித்த பதிவுகள் இருக்க வேண்டும்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை இப்போது பிளாஸ்டிக் உறைகளுக்குள் ஒட்டிக்கொண்டு நிறம் மங்குகின்றன. பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதப்படாதவை பல. அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். டர்பனில் காந்தி-லுதுலி ஆவண மையமும் 1860 மரபு மையமும் இந்தியச் சமூகத்தின் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் பணியைச் செய்கின்றன. கப்பல் பட்டியலுக்கும் கோயில் மலருக்கும் கொடுக்கும் அதே கவனத்தை, பின்னணியில் ஃபிளேர் எரியும் திருமணப் படங்களுக்கும் கொடுத்து, இடமும் தேதியும் காற்றின் திசையும் கேட்டுக் குறித்து, ஒரு பிரதியை அந்தந்த ஊரின் நூலகத்திலும் தமிழ்ப் பள்ளியிலும் வைக்கும் வேலையை, நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்ற பேச்சு முடிவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.